பாலத்துக்கு முந்தின சார்ஜிங் ஸ்டேஷன்

போன வாரம் ஒரு சண்டையோடு நிறுத்தியிருந்தேன். தவற விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தின் மாப்பிள்ளை லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பி வடத்தைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபது பேரைத் தாங்குகிற லிஃப்ட்டுக்கு எட்டுப் பேர் என்று எழுதுவார். அது அந்தத் தொழிலின் நியாயம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர் அந்த நியாயத்தை அப்படியே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். லீவே இல்லை என்பார், ஒரு வாரம் இருக்கும். அரிசி தீர்ந்துவிட்டது என்பார், டப்பாவில் நாலு நாளைக்குக் கிடக்கும். எதைக் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வார், குறைத்ததைத் தனக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வார். அதனாலேயே அவருக்கு 'மிச்சம்' என்று பெயர் விழுந்தது. மச்சினன் வைத்த பெயர்.

அந்த மச்சினன்தான் சின்னவன். குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் இல்லத்தில் ஏழு மாதமாக இருக்கிறான். அவன் வெளியே வரும் தேதி மிச்சத்துக்கு ஒரு மாதம் முன்பே தெரியும். மனைவியிடம் மூச்சு விடவில்லை. நடுவில் பையன் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டால் இவள் உடைந்து போவாளே என்று அந்தத் தேதியையும் சேர்த்து மிச்சம் பிடித்து வைத்திருந்தார். போன வாரம் அது வெடித்தது.

"எனக்கு உங்க மிச்சமும் வேணாம், சொச்சமும் வேணாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. ஒரு நாளாவது சொல்லுங்களேன்!" என்று பெரியவள் கத்தினாள். பெரியவள் என்பது அவருடைய மனைவி, சின்னவனின் அக்கா, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள்.

"சரி. இனிமே உள்ளதைத்தான் சொல்வேன்," என்றார் மிச்சம்.

அவ்வளவுதான் போன வாரம். இனி இன்றைக்கு நடந்தது.

* * *

சின்னவனை நாலு மணிக்கு விடுவார்கள். இல்லம் இருப்பது மலைமேல், ஒரு பகல் பயணம். இவர்களிடம் இருப்பதோ மின்சாரக் கார். ஊருக்குள் ஓட்ட அதைப்போல் சுகம் கிடையாது. ராத்திரி வீட்டில் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக நிற்கும். நெடுந்தூரம் என்றால்தான் தலைவலி. வேகமாகச் சார்ஜ் ஏற்றும் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது, அது ஓடுகிறதா, நமக்கு முன்னால் எவனாவது செருகிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டானா, எல்லாம் பார்த்துத்தான் வழியையே போட வேண்டும்.

மிச்சம் பத்து நாளாக வழி போட்டார். ஆப்பில் பச்சை விளக்கு காட்டுகிறதே என்று விட்டுவிடுகிற ஆளா அவர்? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காவலுக்கு இருப்பவரின் நம்பரைத் தேடிப் பிடித்தார். "கன் ரெண்டும் ஓடுதாங்க? ரெண்டு வண்டி ஒண்ணா செருகினா வேகம் பாதியாயிடுதா? வெயில் நேரத்துல மெஷின் தானா நின்னு போகுதா?" என்று குடைந்து எடுத்தார். கன் என்பது காரில் செருகுகிற கைப்பிடி. பெட்ரோல் பங்க்கில் பழகிய பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"பொண்ணு பார்க்கப் போற மாதிரி இவ்வளவு விசாரிக்கறீங்களே," என்று பெரியவள்கூடச் சிரித்தாள்.

சிரிப்பு அந்த ஒரு தடவைதான். மற்றபடி அந்த வீட்டில் யாருக்கும் சிரிக்கிற மனநிலை இல்லை.

ஏனென்றால் இதற்கு முன் ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறோர் இல்லம். இவர்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். சின்னவன் பையும் கையுமாக வாசலில் நின்று பார்த்திருக்கிறான். யாரும் வரவில்லை. எதிரே ஒரு கடை இருந்தது. அந்தக் கடையிலிருந்து அவனை மீட்டுக் கொண்டுவர இந்த இரண்டு வருடம் ஆனது.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னான். "அக்கா, நான் கதவைத் திறந்து வெளியே வரும்போது நீ நிக்கணும். இல்லேன்னா நான் நின்னு பார்ப்பேன். எவ்வளவு நேரம் நிப்பேன்னு எனக்கே தெரியாது. பயமுறுத்தறதுக்காகச் சொல்லலக்கா. நெஜமாவே தெரியாது."

"நான் இருப்பேன்டா," என்றாள்.

இல்லத்தில் அவனைப் பிடித்து வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. வயது வந்த ஆள், தானாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அவனுடைய கட்டிலுக்கு அடுத்த ஆள் அன்று மாலையே வருகிறான்.

* * *

விடியும் முன் கிளம்பும்போது ஒரு குழப்பம். கேட்டுக்குப் பக்கத்தில், இவர்களோடேயே இருக்கும் பெரியவளின் அப்பா நின்றுகொண்டிருந்தார், பையோடு.

"நானும் வர்றேன்," என்றார்.

அப்பா அச்சகத்தில் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, காதும் கொஞ்சம் மந்தம். ரகசியம் பேசினாலே மாடிவீட்டுக்குக் கேட்கும். அவர்தான் சின்னவனின் துணிமணிகளைத் தெருவில் வீசியவர். அதுவும் சத்தமாக, தெருவே வெளியே வந்து பார்க்கும்படி. அதற்குப் பிறகு அப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பெரியவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லவும் தைரியம் வரவில்லை. நேரில் பார்த்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். புருஷனை மறைக்கிறார் மறைக்கிறார் என்று ஏசியவள் செய்த காரியம் இது. எனக்கு அவள்மேல் பிரியம் உண்டு, அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

இரண்டாவது நிறுத்தம் வரை மிச்சம்தான் ஓட்டினார். முந்தின இரவு ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய், உள்ளே மாட்டியவர்களை வெளியே எடுக்கப் போனவர் விடியற்காலைதான் வீட்டுக்கு வந்திருந்தார். சார்ஜ் ஏறுகிற நேரத்தில் ஸ்டீயரிங்மேல் தலை சாய்ந்தது.

"போதும், எந்திரிங்க. நான் எடுக்கறேன்," என்றாள் பெரியவள்.

அவர் பக்கத்து சீட்டுக்கு மாறினார். கண்ணை மூடுவதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"ஆத்துப் பாலத்துக்கு முன்னாடி ஒரு பங்க்ல சார்ஜர் இருக்கு. அங்க கண்டிப்பா நிறுத்து. அரை மணி நேரம் போட்டாப் போதும். அதுக்கப்புறம் இல்லம் வரைக்கும் ஒரு சார்ஜர் கிடையாது, பூரா ஏத்தம். திரையில காட்டற கிலோமீட்டரை நம்பாதே, அது சமதரைக் கணக்கு. நிறுத்தாம போனா இருபது கிலோமீட்டர் குறையும்."

"சரிங்க."

"இருபது குறையும்," என்றார் மறுபடியும். உடனே தூங்கிப் போனார்.

* * *

பாலத்துக்கு முந்தின பங்க்கில் பெரியவள் வண்டியைத் திருப்பினாள். ஒரு கன்னில் ஒரு வேன் செருகியிருந்தது. இன்னொரு கன்மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். இரண்டு கார்கள் வரிசையில்.

"காலைல சார் போன் பண்ணப்போ ரெண்டும் ஓடிச்சும்மா," என்றார் அங்கே இருந்த காவலாளி. அவருக்கே சங்கடமாக இருந்தது. "நடுவுல ஒண்ணு மக்கர் பண்ணிருச்சு. ரிப்பேர் பண்றவங்க சாயங்காலம்தான் வருவாங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"வேன் போகணும், அப்புறம் இந்த ரெண்டு. நீங்க செருகறதுக்கே ஒண்ணரை மணி நேரம் ஆகும்மா."

முன்னால் நின்ற காரில் இருந்தவரிடம் போய்க் கெஞ்சினாள். அவரும் பாவம், மூன்று பேரை விமான நிலையத்தில் விட வேண்டும், பெட்டிகள் பின் சீட்டு வரை அடைத்திருந்தன. கையை விரித்துவிட்டார்.

பெரியவள் காருக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். இல்லத்துக்கு இன்னும் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். பேட்டரியில் நூற்றொன்பது ஓடும் என்று காட்டியது.

காத்திருந்தால் ஐந்து மணி தாண்டும். காத்திருக்காமல் போனால் நாலுக்கு முன்னாலேயே வாசலில் நிற்கலாம்.

"மாப்பிள்ளையை எழுப்பிக் கேட்டுடலாம்மா," என்றார் அப்பா பின்னாலிருந்து. தன்னால் முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னார். பங்க்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேணாம்பா. கேட்டா நிறுத்துன்னுதான் சொல்வார். அவர் இருபது குறையும்னா பத்து மிஞ்சும்னு அர்த்தம். பதினேழு வருஷமா பார்த்துட்டிருக்கேன்."

"இல்லம்மா, ரெண்டு தடவை சொன்னாரு..."

"எல்லாத்தையும் ரெண்டு தடவைதான் சொல்வார்."

வண்டியை எடுத்துவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவளைத் திட்டுவீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் பதினேழு வருடம் ஒருவர் சொல்வதில் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டே வாழ்ந்து பழகியவள், ஒரே வாரத்தில் அந்தக் கணக்கை எப்படி மறப்பாள்? உள்ளதைச் சொல் என்று கேட்டது அவள்தான். அவர் சொன்னார். அதை நம்ப வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தோன்றவே இல்லை.

* * *

பாலம் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. எதிர்க்காற்று வேறு.

முதலில் திரையில் இருந்த எண் மெதுவாகத்தான் இறங்கியது. அப்புறம் ஒரு வளைவில் திரும்பி நிமிர்வதற்குள் மூன்று போனது, அடுத்த வளைவில் நாலு. போக வேண்டிய தூரமும் பேட்டரியில் இருக்கும் தூரமும் ஓரிடத்தில் சமமாக வந்து நின்றன. அதன்பிறகு பேட்டரி பின்தங்கிக்கொண்டே வந்தது.

பெரியவள் ஏ.சி.யை அணைத்தாள். வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து, கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே கடந்து போனார்.

"அவர் பத்து கிலோமீட்டராவது மிச்சம் வச்சிருப்பார்ப்பா," என்றாள். அப்பா கேட்கவே இல்லை, அவளாகத்தான் சொன்னாள்.

கொஞ்ச தூரத்தில் திரையில் ஆமைப் படம் ஒன்று எரிந்தது.

"இது என்னம்மா, ஆமை?"

"மெதுவாத்தான் போவேன்னு சொல்லுதுப்பா."

"இதுக்கு மேலயா?" என்றார் அப்பா.

புழுக்கத்தில் மிச்சத்துக்கு விழிப்பு வந்தது. சட்டை நனைந்திருந்தது. வெளியே பார்த்தார், திரையைப் பார்த்தார். ஆமையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாலத்துகிட்ட எவ்வளவு ஏறிச்சு?"

"நிறுத்தலங்க."

"ஏன்?"

"ஒரு கன் கெட்டுப் போச்சு. வரிசையில ரெண்டு வண்டி. ஒண்ணரை மணி நேரம்னாங்க..." அவள் குரல் தேய்ந்தது. "நீங்க எப்படியும் கொஞ்சம் வச்சுத்தானே சொல்வீங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ கேட்டேன்னுதான் உள்ளதைச் சொன்னேன்," என்றார்.

பெரியவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவமானம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது.

"அந்தா, இடது பக்கம் செடி விக்கற போர்டு தெரியுது. உள்ளே திருப்பு. அதுக்கு மேல ஏறாது," என்றார் அவர்.

இல்லத்துக்கு இன்னும் இருபத்தொரு கிலோமீட்டர் இருந்தது.

* * *

நர்சரிக்கார அம்மா ரப்பர் பூட்ஸோடு, கையில் தண்ணீர்க் குழாயோடு வந்தாள். கார் உள்ளே நுழைந்த வேகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "சார்ஜா? தண்ணி மோட்டார் பிளக் இருக்கு. மோட்டாரை நிறுத்திட்டுப் போட்டுக்கங்க. செடிக்கு அப்புறமா ஊத்திக்கறேன்," என்றாள்.

மிச்சம் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து பிளக்கைச் சோதித்தார், எர்த் இருக்கிறதா என்று பார்த்தார், காரோடு வரும் சாதாரண வயரை இழுத்துச் செருகினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது.

"எவ்வளவு நேரம்?" என்றாள் பெரியவள்.

"ரெண்டேகால் மணி நேரம்."

அவள் அவரையே பார்த்தாள்.

"மிச்சம் இல்லாம," என்றார் அவர்.

டாக்சி ஆப்பைத் திறந்து பார்த்தாள். அந்த மலையில் ஒரு வண்டிகூடக் காட்டவில்லை. பஸ் ஆறு மணிக்குத்தான் என்று நர்சரிக்கார அம்மா சொன்னாள்.

தம்பிக்குப் போன் போட வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, பூந்தொட்டிகளுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். 'வந்துட்டே இருக்கோம்டா, பக்கத்துல வந்துட்டோம்' என்று சொல்லிவிடலாம். போன தடவையும் அதைத்தான் சொன்னார்கள். அவன் அதை நம்பித்தான் முக்கால் மணி நேரம் நின்றான்.

மிச்சம் வயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போட்டாள். அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எங்க இருக்கே?"

"கீழே, இருபத்தொரு கிலோமீட்டர்ல. சார்ஜ் தீர்ந்துடுச்சுடா. என் தப்பு. மாமா நிறுத்தச் சொன்ன இடத்துல நான் நிறுத்தல. இனிமே நாங்க வந்து சேர ஆறு மணி ஆயிடும்."



"கிளம்பினீங்களா, இல்லையா?" என்றான். "உண்மையைச் சொல்லுக்கா. கிளம்பலேன்னாலும் சொல்லு."

"சத்தியமா இங்கதான் இருக்கேன். இன்னொண்ணும் இருக்கு. காலைலயே சொல்லியிருக்கணும். அப்பாவும் கூட வந்திருக்கார்."

நாற்காலியை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"அவர் எதுக்கு?"

"தெரியலடா. நான் கேக்கவே இல்ல."

"போனை அவர்கிட்ட குடு."

அப்பா போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"என்னைக் கூட்டிட்டுப் போக வர்றீங்களா," என்று கேட்டான் சின்னவன், "இல்ல, நான் திருந்திட்டேனான்னு பார்க்க வர்றீங்களா?"

வழக்கமாக இந்த இடத்தில் இடி இறங்கும்.

"தெரியலடா," என்றார் அப்பா. "போன தடவை நான் வீட்லயே உக்காந்துட்டேன். நீ வந்தியா, வரலையான்னு போன் வரும்னு பார்த்துட்டே உக்காந்திருந்தேன். ராத்திரி பூரா வரல. மறுபடி அப்படி உக்கார என்னால முடியாது. அதான் ஏறி உக்காந்துட்டேன்."

"அப்ப பயந்துதான் வந்தீங்களா?"

"ஆமாடா."

பின்னால் யாரோ சின்னவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நாலு மணிக்கு வெளியே வந்துடுவேன்," என்றான். வைத்துவிட்டான்.

* * *

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற நர்சரிக்கார அம்மா குழாயைக் கீழே போட்டாள்.

"எங்க வேன் மேலேதான் போகுது, தொட்டி இறக்க. அந்த இல்லத்து வாசல் வழியாத்தான் போவான். ஆனா முன்னாடி ஒரு ஆள்தான் உக்கார முடியும். பின்னாடி பூரா செடி," என்றாள். "இப்பக் கிளம்பினா நாலுக்குள்ள போயிடலாம்."

பெரியவள் காரிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வேன் கதவருகே அப்பா நின்றிருந்தார், பையோடு. விடியற்காலை கேட்டருகே நின்ற அதே நிலை.

"அப்பா, நான் போறேன். அவன் என்னைத்தான் எதிர்பார்க்கறான்."

"நான் போறேன்மா."

"விளையாடாதீங்கப்பா! அவன் உங்களைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் நடந்துட்டா? அப்புறம் இன்னொரு தடவை இவனைத் தேடற தெம்பு எனக்கு இல்லப்பா. நெஜமா இல்ல." அழுதுவிட்டாள். நாள் முழுக்கத் தேக்கி வைத்திருந்தது எல்லாம் அங்கே, வேன் டிரைவர் முன்னால், கொட்டிவிட்டது.

அப்பா நகரவில்லை. பெரியவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. யார் போகணும்?"

மிச்சம் லிஃப்ட் வடத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி யோசித்தார்.

"நீ போனா, கார் வர்ற வரைக்கும் அவன் உன்கூட நின்னு ஏறிடுவான். அது நிச்சயம்," என்றார்.

"அப்பா போனா?"

"தெரியாது."

"அவ்வளவுதானா?"

"நீ போனா இன்னிக்கு அவன் வீட்டுக்கு வந்துடுவான். ஆனா வீட்ல அப்பா இருப்பார். நாளைக்கும் இருப்பார், அதுக்கு மறுநாளும் இருப்பார். அந்தப் பயத்தோடதான் அவன் படியேறணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல நான் எதையும் குறைக்கல. கூட்டவும் இல்ல."

காலையில் அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. இப்போது நம்பாமல் இருக்க அவளிடம் எதுவும் மீதி இல்லை. டிரைவர் எஞ்சினை முடுக்கினார், நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

பெரியவள் அப்பாவின் பையை வாங்கி வேனுக்குள் வைத்தாள். அவர் ஏறி உட்கார்ந்ததும், உடையக்கூடிய தொட்டி ஒன்றை டிரைவர் அவர் மடியில் வைத்தார். அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

பெரியவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். சின்னவனின் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து, ஹாஸ்டல், வேலை போன கம்பெனி, பழைய இல்லம் என்று எங்கே அவனைப் பார்க்கப் போனாலும் கிளம்பும் முன் அவள் அப்பாவிடம் ஒன்று கேட்பாள். அவரும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் அவர் குரல்தான் அந்த இடம் பூரா கேட்கும்.

"கத்த மாட்டீங்களேப்பா?" என்றாள்.

அப்பா தொட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கத்தினாலும் கத்துவேன்மா," என்றார். "ஆனா அவனை விட்டுட்டு வரமாட்டேன்."

இப்படி ஒரு பதிலை அவர் அவளுக்குச் சொன்னதே இல்லை. பெரியவள் கதவைச் சாத்தினாள். வேன் செடிகள் குலுங்க ரோட்டில் ஏறி, மலைப்பக்கம் திரும்பியது.